வெள்ளிப் படலம் ஒட்டிய தொலைக்காட்சி: ஒரு பாப் ஆர்ட் ஸ்கிரீன் பிரிண்டின் மதிப்புரை

76 செ.மீ. உயரமும் 56 செ.மீ. அகலமும் கொண்ட தடித்த பருத்தித் தாளில் ஏழு மைகளால் அச்சிடப்பட்டு, அதன் மீது மூன்று வகைப் பொருள்கள் வெட்டி ஒட்டப்பட்ட பாப் ஆர்ட் ஸ்கிரீன் பிரிண்ட் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. விளம்பரங்களையும் அன்றாட நுகர்பொருள்களையும் கருவாகக் கொள்ளும் கலை பாப் ஆர்ட்; வலைத்திரை வழியே மையை இறக்கி அச்சிடும் திரையச்சே ஸ்கிரீன் பிரிண்ட். நடுவில் நான்கு கால்களில் நிற்கும் பழைய காலத் தொலைக்காட்சிப் பெட்டி. அதன் இடப்புறம், மூக்குக்குக் கீழே மட்டும் காட்டப்பட்டு, பற்கள் தெரியச் சிரிக்கும் ஒரு பெண்ணின் முகம். வலப்புறம் பூப்போட்ட சுவர்த்தாள். அடியில் அடுக்கடுக்காகச் சோப்புக் கட்டிகள். 40 பிரதிகளே கொண்ட இந்தப் பதிப்பில் ஒவ்வொரு பிரதியிலும் பென்சிலால் எண்ணும் கையொப்பமும் இடப்பட்டுள்ளன. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் கலைஞரின் பெயரையும் பட்டறையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

இவ்வகை அச்சை வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, படம் அழகாக இருக்கிறதா என்பதன்று. திரையச்சு ஏறக்குறைய எதையும் அச்சிட வல்லது. செய்தித்தாளின் எழுத்தையும், துணியின் நெசவையும், கிழிந்த காகிதத்தின் ஓரத்தையும் புகைப்பட முறையில் திரைக்கு மாற்றி, மையாகத் தாளில் இறக்கிவிடலாம். அப்படியிருக்க, ஒரு துண்டைத் தனியே வெட்டி, பசை தடவி, 40 பிரதிகளிலும் கையால் ஒட்டும் வேலையை ஒருவர் ஏன் மேற்கொள்ள வேண்டும்? மையால் முடியாத ஒன்றை அந்தத் துண்டு செய்தால் மட்டுமே அந்த உழைப்புக்குப் பொருளுண்டு. இந்தப் படத்தின் மூன்று ஒட்டுகளில் ஒன்று அதை முழுமையாகச் செய்கிறது. ஒன்று குறும்பாகச் செய்கிறது. மூன்றாவது செய்யவில்லை என்பதோடு, படத்தின் ஆயுளையும் குறைக்கிறது.

முழுமையாகச் செய்வது தொலைக்காட்சியின் திரை. பெட்டியின் உடலும் குமிழ்களும் கால்களும் பழுப்பு, கறுப்பு மைகளால் அச்சிடப்பட்டிருக்க, திரை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், மூலைகள் வளைந்த நீள்சதுரமாக வெட்டிய வெள்ளிநிறப் பாலியெஸ்டர் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. முன்னால் நிற்பவரின் சட்டை நிறமும் அறையின் ஜன்னல் வெளிச்சமும் அதில் கலங்கலாகத் தெரிகின்றன. ஆள் நகர்ந்தால் நிறமும் நகர்கிறது. தொலைக்காட்சியில் என்ன ஓடுகிறது என்று உற்றுப் பார்ப்பவருக்குத் தம் உருவமே, முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு, விடையாகக் கிடைக்கிறது. வெள்ளி மையால் இதைச் செய்ய இயலாது. உலோக மையிலுள்ள நுண்ணிய செதில்கள் வெளிச்சத்தைப் பல திசைகளில் சிதறடிப்பதால், எவ்வளவு தடிமனாக அச்சிட்டாலும் அது மினுமினுக்கும் சாம்பல் நிறமாகவே நிற்குமேயன்றிப் பிம்பம் காட்டாது.

இந்த உத்தி புதிதன்று. பிரிட்டிஷ் பாப் கலைஞர் ரிச்சர்ட் ஹாமில்டன் 1967 இல் வெளியிட்ட ‘டோஸ்டர்’ என்னும் அச்சில், ரொட்டி வாட்டும் கருவியின் உலோகப் பக்கத்துக்கு மையை நம்பாமல், உலோகப் பூச்சுள்ள பாலியெஸ்டரையே பயன்படுத்தினார். அமெரிக்கப் பாப் கலைஞர் ராய் லிக்டன்ஸ்டைன் அதற்கு முன்பே, 1965 இல், ‘மூன்ஸ்கேப்’ படத்தைத் தாளை விட்டுவிட்டு, பார்க்கும் கோணத்துக்கேற்ப அலையடிக்கும் நீலப் பிளாஸ்டிக் தகட்டின் மீதே அச்சிட்டிருந்தார். வணிக உலகின் பளபளப்பை வரைந்து காட்டாமல், அதே பளபளப்பான பொருளைப் படத்துக்குள் கொண்டுவந்துவிடும் துணிச்சல் இரண்டிலும் உண்டு. நாம் பார்க்கும் படம் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் படலத்தைத் தொலைக்காட்சித் திரையாக வைத்து, பார்ப்பவரையே நிகழ்ச்சியாக்கியதில் அதற்கென ஒரு நையாண்டி இருக்கிறது.

அதைவிடப் பாராட்டத்தக்கது, படலம் ஒட்டப்பட்ட வரிசைமுறை. பொதுவாக எல்லா நிறங்களும் அச்சாகி உலர்ந்த பின்னரே துண்டுகளை ஒட்டுவார்கள். அது பாதுகாப்பான வழி. தவறு நேர்ந்தால் துண்டை உரித்துவிட்டு வேறொன்றை ஒட்டலாம். ஆனால் அப்படி ஒட்டிய துண்டு எப்போதும் படத்தின் மேல் உட்கார்ந்திருக்குமே தவிர, படத்துக்குள் இராது. இங்கே ஐந்து நிறங்கள் முடிந்ததும் படலம் ஒட்டப்பட்டு, கடைசி இரண்டு நிறங்கள் அதன் மீதும் ஓடியிருக்கின்றன. பெண்ணின் முகத்தில் தொடங்கும் கறுப்புப் புள்ளிகள் பெட்டியின் விளிம்பைத் தாண்டிப் படலத்தின் மேல் பரவி, மெல்ல மெலிந்து மறைகின்றன. ஒளி ஊடுருவும் நீலத்தில் ஒரு நிழற்பட்டை மூலைவாட்டில் அதைக் கடக்கிறது. புள்ளிகளுக்கு இடையே பிம்பம் தெரிவதால், பார்ப்பவரின் உருவமும் அச்சிட்ட படம் போலவே துண்டு துண்டாகிறது.

சொல்வதற்கு எளிதான இந்த வேலை செய்வதற்குக் கடினமானது. திரையச்சில் வலை தாளுக்குச் சில மில்லிமீட்டர் மேலே நிற்கும். மையைத் தள்ளும் ஸ்க்வீஜி என்னும் ரப்பர் பட்டை அழுத்தி நகரும் இடத்தில் மட்டும் வலை தாளைத் தொட்டு, மையை இறக்கிவிட்டு, உடனே மேலெழும். தாளில் ஒரு துண்டு ஒட்டியிருந்தால் அதன் ஓரத்தில் வலை சரியாகப் படியாது. ஒன்று, ஓரத்தை ஒட்டி மை விழாமல் வெளிறிய கோடு தோன்றும். அல்லது, வரப்போரம் நீர் தேங்குவது போல மை தேங்கித் தடித்துவிடும். மெல்லிய படலத்தைத் தேர்ந்தெடுத்ததனால் பட்டறை இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்த்திருக்கிறது. என்னிடமுள்ள பிரதியில் திரையின் மேல்விளிம்பில் மட்டும் நகக்கீறல் போன்ற ஒரு வெளிறல் இருக்கிறது. தேடிப் பார்ப்பவருக்கு மட்டுமே அது தெரியும். பாலியெஸ்டர் மையை உறிஞ்சாது என்பதால், தாளுக்கான நீர் மையை அதன் மேல் போட்டால் நாளடைவில் உரிந்துவிடும் என்ற கவலையும் எனக்கு இருந்தது. கேட்டபோது, கடைசி இரண்டு நிறங்களுக்கும் பிளாஸ்டிக்கில் பிடிக்கும் கரைப்பான் மையையே பயன்படுத்தியதாகப் பட்டறையினர் தெரிவித்தனர். நகத்தால் சுரண்டிச் சோதிக்கும் துணிவு எனக்கு இல்லை.

குறும்பாகச் செய்வது வலப்புறச் சுவர்த்தாள். அப்பகுதி முழுவதும் பச்சை, இளஞ்சிவப்புப் பூக்கள் இரண்டு மைகளால் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதன் வலது கீழ் மூலையில் ஒரு துண்டு சற்றே உரிந்து சுருண்டிருப்பது போலவும், அதன் நிழல் சுவரில் விழுவது போலவும் தெரிகிறது. ஒட்டு விடுகிறதே என்று அழுத்திவிடக் கை போகிறது. தொட்டால் அங்கே ஒன்றும் இல்லை. சுருளும் நிழலும் வெறும் மை. மாறாக, யாரும் ஐயுறாத நடுப்பகுதியில், உள்ளங்கை அகலத்தில், உண்மையான சுவர்த்தாள் துண்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அச்சிட்ட பூவும் ஒட்டிய பூவும் இதழோடு இதழ் பொருந்தும்படி வைக்கப்பட்டிருப்பதால், இரண்டடி தள்ளி நின்றால் அது தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டுமே அதன் மெல்லிய மேடு புலப்படுகிறது. ஒட்டியதாகத் தோன்றுவது அச்சு. அச்சாகத் தோன்றுவது ஒட்டு.

பாப்லோ பிக்காசோ 1912 இல், பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்த் துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். பொருள்களை வெட்டி ஒட்டிப் படமாக்கும் கொலாஜ் கலையின் தொடக்கமாக வழக்கமாகச் சுட்டப்படும் அந்தப் படத்திலேயே இந்த விளையாட்டின் விதை இருக்கிறது. அவர் ஒட்டியது உண்மையான பிரம்பு அன்று; எந்திரம் அச்சிட்ட பிரம்பின் போலி. ஒட்டப்படும் பொருளே ஏற்கெனவே ஓர் அச்சுப்படம் என்னும்போது, உண்மைப் பொருள் எது, அதன் படம் எது என்ற எல்லை அப்போதே கலங்கிவிட்டது. இந்தச் சுவர்த்தாள் அந்தக் கலக்கத்தை இன்னொரு சுற்று சுற்றிவிடுகிறது. அறிவாளித்தனமாகத் தொனிக்கக்கூடிய இந்த வேடிக்கை, படத்தில் சிறிதும் அலட்டாமல் நடந்திருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. விற்பனைக் குறிப்பில்கூட அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. சுவர்த்தாள் பசையின் ஈரத்தால் விரிந்து, உலரும்போது சுருங்கும். சுருங்கும்போது அடித்தாளையும் தன்னோடு இழுக்கும். அடித்தாள் தடித்ததுதான், ஆயினும் அந்த இடத்தில் தாள் மிக லேசாகக் குழிந்திருக்கிறது. அடித்தாளின் இழை ஓடும் திசையிலேயே துண்டின் இழையும் ஓடுமாறு வெட்டி, பளுவின் கீழ் நெடுநேரம் உலரவிட்டிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த பிறகு இது கண்ணில் படுவதில்லை.

இனி அடியிலுள்ள சோப்புக் கட்டிகள். கட்டிகளும் அவற்றின் உறைகளும் அச்சாக இருக்க, உறைகளுக்கு இடையிலான சந்துகளில் உண்மையான செய்தித்தாளிலிருந்து கிழித்த துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன: ஒன்றில் வானிலை அட்டவணை, ஒன்றில் வரி விளம்பரம், ஒன்றில் பாதி வெட்டுப்பட்ட தலைப்பு. பிரதிக்குப் பிரதி துண்டுகள் வேறு. முதல் பார்வைக்கு இவைதாம் படத்துக்கு உயிரூட்டுவன போலத் தோன்றும். என் கருத்தில் இவையே படத்தின் பெரிய பிழை.

செய்தித்தாள் மரக்கூழை அரைத்துச் செய்யப்படுவது. மர இழைகளைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அதிலிருந்து நீக்கப்படுவதில்லை. வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் சிதைந்து தாளை மஞ்சளாக்கும். அமிலம் உண்டாகித் தாள் மொறுமொறுத்து உதிரும். அந்த அமிலம் தொட்டிருக்கும் அடித்தாளுக்கும் பரவி அங்கேயும் பழுப்புக் கறையை ஏற்படுத்தும். அமிலமற்ற பருத்தித் தாளைத் தேர்ந்தெடுத்துச் செலவிட்ட பட்டறை, அதன் மீதே அமிலம் சுரக்கும் தாளை ஒட்டியிருப்பது விந்தையாக இருக்கிறது. என்னிடமுள்ள பிரதியில் வரி விளம்பரத் துண்டு இப்போதே மற்றவற்றைவிட ஒரு படி மஞ்சளாகத் தெரிகிறது. செய்தித்தாளை ஒட்டுவதற்கு முன் அமிலநீக்கக் கரைசலில் நனைத்து உலர்த்தும் முறை உண்டு. அது மஞ்சளாவதை முற்றிலும் தடுக்காவிட்டாலும் தாமதப்படுத்தும். இங்கே அது செய்யப்படவில்லை என்பதைப் பட்டறையினரே ஒப்புக்கொண்டனர்.

இதற்கு மறுமொழியாக, பாப் ஆர்ட் என்பதே நிலையாமையைக் கொண்டாடுவது, மஞ்சளாகட்டும், உதிரட்டும் என்று வாதிடுவோர் உண்டு. 1957 சனவரியில் ஹாமில்டன் எழுதிய கடிதம் ஒன்றில் பாப் கலையின் இயல்புகளைப் பட்டியலிட்டபோது, பெருந்திரளான மக்களுக்கானது, விரைவில் மறைவது, எளிதில் மறக்கப்படுவது, மலிவானது, பெருமளவில் உற்பத்தியாவது என்றெல்லாம் அடுக்கினார் என்பது உண்மையே. ஆனால் எண்ணிட்டு, கையொப்பமிட்டு, சான்றிதழும் இணைத்து, 40 பேருக்கு மேல் கிடைக்காது என்று சொல்லி விற்கும் பொருளுக்கு அந்த வாதம் பொருந்தாது. மறைந்துபோகத்தான் இது என்றால் அதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லியிருந்தால் இந்தப் பத்தியை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மேலும், செய்தித்தாளின் தோற்றத்தை மையாலேயே கொண்டுவர முடியும் என்பதற்குப் பாப் ஆர்ட் வரலாற்றிலேயே போதிய சான்று இருக்கிறது. அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரவுஷன்பர்க் 1970 இல் ‘கரண்ட்ஸ்’ என்ற வரிசையை உருவாக்கியபோது, அவ்வாண்டின் தொடக்கத்தில் வந்த செய்தித்தாள்களை வெட்டி ஒட்டிக் கொலாஜ்கள் செய்து, பின்னர் அவற்றைத் திரையச்சாக மாற்றினார். கிழிந்த ஓரமும் பத்திகளின் நெருக்கமும் அப்படியே இருக்க, தாள் மட்டும் நிலைத்த தாளாயிற்று. பிரிட்டிஷ் கலைஞர் எடுவார்டோ பாவ்லோட்ஸி 1940களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க இதழ்களை வெட்டி ஒட்டிச் சேர்த்து வைத்திருந்த கொலாஜ்களும், அவர் 1952 இல் லண்டனின் சமகாலக் கலைக் கழகத்தில் காட்டிய படங்களும், 1972 இல் ‘பங்க்’ என்ற அச்சுத் தொகுதியாக வெளிவந்தன. இந்தப் படத்தின் கலைஞரும் மூன்று நான்கு துண்டுகளைத் தேர்ந்து கறுப்பு மையில் அச்சிட்டிருந்தால் இழப்பு ஒன்றும் இருந்திருக்காது. துண்டுகள் பிரதிக்குப் பிரதி மாறும் கவர்ச்சி மட்டுமே போயிருக்கும். அந்தக் கவர்ச்சியும் இந்தப் படத்தின் பொருளோடு தொடர்புடையதன்று. தொலைக்காட்சிக்கும் சிரிப்புக்கும் சோப்புக்கும் நடுவே வானிலை அட்டவணை ஏன் வர வேண்டும் என்பதற்குப் படத்தில் விடை இல்லை.

ஒட்டும் அச்சும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் படைப்புக்கு அளவுகோல் வேண்டுமானால், அமெரிக்கக் கலைஞர் ஜிம் டைன் 1966 இல் உருவாக்கிய ‘எ டூல் பாக்ஸ்’ தொகுதியைச் சொல்வேன். பத்துத் தாள்கள் கொண்ட அத்தொகுதியில் கருவிகளின் படங்கள் திரையச்சாகவும், அவற்றோடு ஒட்டுத்துண்டுகளும் இடம்பெறுகின்றன. அதை அச்சிட்டது லண்டனில் கிறிஸ் பிரேட்டர் நடத்திவந்த கெல்ப்ரா ஸ்டூடியோ. விளம்பரச் சுவரொட்டி வேலையில் பழகிய பிரேட்டர், மை இறங்க வேண்டிய வடிவத்தை வரையறுக்கும் ஸ்டென்சில்களைக் கையால் வெட்டுவதில் பெயர் பெற்றவர். 1964 இல் சமகாலக் கலைக் கழகத்துக்காக 24 கலைஞர்களின் திரையச்சுகளை அவர் அச்சிட்ட பிறகே பிரிட்டனில் ஓவியர்கள் பலர் இந்த ஊடகத்தின் பக்கம் திரும்பினர். அந்தப் பட்டறையின் அச்சுகளில் ஓர் ஒழுங்கு உண்டு: ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக இருக்கும், ஒட்டிய துண்டின் ஓரமும் அச்சிட்ட வடிவத்தின் ஓரமும் ஒரே கையின் வேலையாகத் தெரியும். நாம் மதிப்பிடும் படத்தில் படலத்தின் ஓரம் அந்தத் தரத்தை எட்டுகிறது. செய்தித்தாள் துண்டுகளின் கிழிந்த ஓரங்களோ சோப்பு உறைகளின் கூரிய கோடுகளோடு ஒட்டாமல் தனித்து நிற்கின்றன.

மையைப் பற்றிச் சொல்ல நல்லவையே அதிகம். ஏழு மைகள்தாம் என்றாலும், ஒளி ஊடுருவும் நீலம் மஞ்சளின் மேல் விழும் இடத்தில் பச்சையும், இளஞ்சிவப்பின் மேல் விழும் இடத்தில் ஊதாவும் பிறப்பதால், கண்ணுக்குப் பத்துக்கு மேற்பட்ட நிறங்கள் தெரிகின்றன. தட்டையான மஞ்சள் பரப்பில் ஸ்க்வீஜி நின்ற தடமோ, வலைக் கண்களின் அச்சோ, ஊசித்துளைகளோ இல்லை. இவ்வளவு பெரிய பரப்பை ஒரே இழுப்பில் சீராக நிரப்புவது எளிதன்று. முகத்தில் ஒளி நிழலைக் காட்டும் ஹாஃப்டோன் புள்ளிகள் பெரிதாக, வெறுங்கண்ணுக்கே தெரியும்படி வைக்கப்பட்டுள்ளன. நுண்ணிய புள்ளிகளை அச்சிடும்போது அவற்றின் வரிசை வலையின் இழைகளோடு மோதி அலையலையான கோடுகளை உண்டாக்கும் தொல்லை இதனால் எழவில்லை. தொட்டுப் பார்த்தால் மை தாளின் மேல் மெல்லிய தோலாகப் படிந்திருப்பதை உணரலாம். திரையச்சு என்ற பெயரில் கணினி அச்சுப்பொறியின் நகல்களும் விற்கப்படுவதால், வாங்குபவர்கள் ஒரு சிறு பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. திரையச்சில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே மையில் ஓரம் தெளிவாக நிற்கும். இங்க்ஜெட்டில் பல நிறத் தூவல் கலந்து தெரியும்.

உதடுகளுக்கு மட்டும் ஒளிரும் இளஞ்சிவப்பு மை பயன்படுத்தியிருக்கிறார்கள். படத்தில் கண்ணை முதலில் இழுப்பது அதுதான். மற்ற நிறங்களுக்கு முன்னால் வெளுக்கப்போவதும் அதுதான். ஒளிரும் நிறமிகள் வெளிச்சத்தைத் தாங்குவதில் மிகவும் பலவீனமானவை. நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் உதடு வெளிறிய ரோஜா நிறத்துக்கு இறங்கிவிடும். அதையும் விற்பனைக் குறிப்பு சொல்லவில்லை.

ரிஜிஸ்டர், அதாவது நிறத்தோடு நிறம் பொருந்தி விழுவது, பெரும்பாலும் துல்லியம். பற்களின் வெண்மைக்கும் உதட்டுக்கும் இடையே மட்டும் அரை மில்லிமீட்டர் நகர்வு இருக்கிறது. இது வேண்டுமென்றே செய்ததா என்று தெளிவாகச் சொல்ல முடியாத நிலைதான் சிக்கல். அமெரிக்கப் பாப் கலைஞர் ஆண்டி வார்ஹோல் 1962 முதல் புகைப்படத் திரையச்சைக் கையாண்டபோது, உதட்டு நிறமும் கண்ணிமை நிறமும் முகத்தின் கோட்டிலிருந்து வெளிப்படையாக விலகி நின்றன. 1967 இல் வெளியான பத்துத் தாள் மரிலின் மன்றோ தொகுதியில் அந்த விலகல் படத்தின் குணமாகவே ஆகிவிட்டது. விலக வேண்டுமானால் அப்படி விலக வேண்டும். அரை மில்லிமீட்டர் என்பது துணிச்சலாகவும் இல்லை, திருத்தமாகவும் இல்லை.

படத்தின் கருப்பொருள் குறித்துச் சுருக்கமாகவே சொல்ல இயலும். தொலைக்காட்சி, சிரிப்பு, சோப்பு ஆகிய மூன்றும் 1950களின் நுகர்பொருள் விளம்பரங்களிலிருந்து வந்தவை. ஹாமில்டன் 1956 இல் லண்டன் வைட்சாப்பல் கலைக்கூடத்தில் நடந்த ‘இதுவே நாளை’ கண்காட்சியின் விவரநூலுக்காகச் செய்த சிறிய கொலாஜில், அதாவது 26 செ.மீ. உயரம்கூடத் தாண்டாத அந்தத் தாளில், தொலைக்காட்சியும் டின் இறைச்சியும் தூசுறிஞ்சி விளம்பரமும் உடற்பயிற்சி வீரனும் ஒரே வரவேற்பறையில் கூடியிருந்தனர். அந்தப் பொருள்கள் அன்று புதியவை. விளம்பரங்கள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தவை. இன்று அதே பொருள்களை எடுப்பவர் நிகழ்காலத்தைக் கேலி செய்யவில்லை. பழமையின் அழகில் லயிக்கிறார். அதில் தவறில்லை என்றாலும், வெள்ளிப் படலம் மட்டுமே இந்தப் படத்தை நிகழ்காலத்துக்கு இழுத்து வருகிறது என்பதைக் குறிப்பிட வேண்டும்.

விற்பனையும் சேவையும் கலவையான அனுபவம். படம் உருளைக் குழாயில் வராமல், இரண்டு விறைப்பான அட்டைகளுக்கு இடையே தட்டையாக வைத்து அனுப்பப்பட்டிருந்தது. ஒட்டுள்ள அச்சைச் சுருட்டினால் துண்டுகளின் ஓரம் எழும்பிவிடும் என்பதை அறிந்தவர்களின் வேலை அது. படலத்தின் மேல் வழவழப்பான அமிலமற்ற தாள் தனியாக வைக்கப்பட்டிருந்தது. ஆனால் சான்றிதழில் தாளின் பெயர், மைகளின் எண்ணிக்கை, பதிப்பின் அளவு ஆகியவை இருந்தனவே தவிர, பசை எது என்ற குறிப்பு இல்லை. எதிர்காலத்தில் ஒருவர் இதைச் செப்பனிட வேண்டி வந்தால் அவருக்கு முதலில் தேவைப்படும் தகவல் அதுதான். கோதுமை மாவுப் பசை நீரில் இளகும். உலர்ந்த பாலிவினைல் அசிடேட் பசை அவ்வளவு எளிதில் இளகாது. ரப்பர் பசையாக இருந்தால் காலப்போக்கில் அதுவே பழுப்புக் கறையாகிவிடும். எழுதிக் கேட்ட பிறகே, படலத்துக்கு அமிலமற்ற பாலிவினைல் அசிடேட்டும் காகிதத் துண்டுகளுக்கு மாவுப் பசையும் பயன்படுத்தியதாக மறுமொழி வந்தது. நல்ல தேர்வுகள்தாம், அவற்றை எழுதி வைக்காமல் விட்டது அலட்சியம். பிரதிக்குப் பிரதி வேறுபடும் பதிப்புகளில் எண்ணுக்கு அருகில், மாறுபடும் பதிப்பு என்பதைக் காட்டும் ‘இ.வி.’ என்ற சுருக்கத்தைக் குறிக்கும் வழக்கமும் இங்கே பின்பற்றப்படவில்லை.

சட்டமிடும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கண்ணாடி துண்டுகளைத் தொடாதபடி, ஓரத்தில் இடைவெளிப் பட்டை வைக்கச் சொல்ல வேண்டும். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் தடிமன் மட்டும் போதாது. அக்ரிலிக் தகடு எடை குறைந்தது என்றாலும், துடைக்கும்போது அதில் நிலைமின்னூட்டம் ஏறி, தளர்ந்த காகித ஓரங்களை மேலிழுக்கும். எனவே புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியே மேல். தாளில் அமைந்த படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாக 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தையே அனுமதிக்கின்றன. வீட்டில் அதை அளந்துகொண்டிருக்க முடியாது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து, அதே வரிசைச் சுவரில் மாட்டினால் செய்தித்தாளுக்கும் உதட்டுக்கும் கொஞ்சம் ஆயுள் கூடும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் படலத்தில் பிம்பமும் மங்கும். படத்தின் மிகச் சிறந்த பகுதிக்குத் தேவையானதும், மிகப் பலவீனமான பகுதியைக் கெடுப்பதும் ஒரே வெளிச்சம் என்பதுதான் இந்தப் பதிப்பின் உள்முரண்.

வாங்கலாமா என்று கேட்டால், படலத்துக்காகவும் சுவர்த்தாளின் குறும்புக்காகவும் வாங்கலாம் என்றே சொல்வேன். நீண்டகாலச் சேமிப்பாக நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். தட்டையான, தூய திரையச்சை விரும்புபவர்களுக்கு இதிலுள்ள மேடுபள்ளங்கள் உறுத்தும். வாங்குவதாக முடிவு செய்தால், இணையத்தில் காட்டப்படும் பொதுப் படத்தை நம்ப வேண்டாம். அது நேர் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருப்பதால் ஒட்டுகளின் மேடு தெரிவதில்லை; அதில் காணும் செய்தித்தாள் துண்டுகளும் உங்களுக்கு வரப்போகும் பிரதியில் இரா. பிரதியின் எண்ணைக் குறிப்பிட்டு, அதே பிரதியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தையும், படலத்தின் மேல்விளிம்பை நெருங்கி எடுத்த படத்தையும் கேட்டுப் பெற்று, பசையின் பெயரைச் சான்றிதழிலேயே எழுதித் தரச் சொல்லிவிட்டுப் பணம் செலுத்துங்கள்.